பராநகர் முதல் மகுஹாரி வரை: ஒரு புள்ளியியல் பயணம்

திங்கள், கொல்கத்தா

ஜப்பானில் சிபா நகரின் மகுஹாரி பகுதியில் நடக்கும் விலைப் புள்ளியியல் பயிற்சிக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். வழியில் பாங்காக்கில் வணிகப் புள்ளிவிவரம் பற்றி ஒரு சிறு பயிலரங்கு. அதற்கும் முன்னால் கொல்கத்தாவில் ஒரு பகல் தங்குவது நானாகச் சேர்த்துக்கொண்டது. ஆசிய நாடுகளின் புள்ளியியல் அலுவலகங்கள் ஒன்றுக்கொன்று தொழில் சொல்லிக்கொடுக்கும் வழக்கம் எங்கே வேர்விட்டது என்று தேடிப்போனால், பராநகரில் இருக்கும் இந்தியப் புள்ளியியல் நிறுவனம் கண்டிப்பாக எதிரே வந்து நிற்கும். அதைப் பார்க்காமல் விமானம் ஏற மனம் வரவில்லை.

மெட்ரோவில் பராநகர் வரை வந்து, பி.டி. சாலையின் நெரிசலைக் கடந்து வளாகத்துக்குள் நுழைந்ததும் சத்தம் சட்டென்று அடங்குகிறது. நிறுவனத்தைத் தொடங்கிய பிரசாந்த சந்திர மகலனோபிஸ் வாழ்ந்த ‘ஆம்ரபாலி’ வீடு இங்கேதான் இருக்கிறது. 1931இல் பிரசிடென்சி கல்லூரியின் ஓர் அறையில் தொடங்கிய நிறுவனம் இவ்வளவு பெரிய வளாகமாக வளர்ந்ததற்குப் பின்னால் சணலுக்கும் ஒரு பங்கு உண்டு. வங்காளத்தில் சணல் எவ்வளவு நிலத்தில் பயிராகிறது என்று 1930களின் பிற்பகுதியில் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. வயல் வயலாகப் போய் அளந்துகொண்டிருந்தால் அதற்குள் அறுவடையே முடிந்துவிடும், செலவும் கட்டாது. சமவாய்ப்பு முறையில் தேர்ந்தெடுத்த சிறு நிலத்துண்டுகளை மட்டும் அளந்து, மொத்தம் எவ்வளவு இருக்கும் என்று மகலனோபிஸ் குழு மதிப்பிட்டது. அந்த மதிப்பீட்டில் எவ்வளவு பிழை இருக்கலாம் என்பதையும் கூடவே சொன்னது.

காசும் ஆளும் குறைவாக இருந்த நாடுகளுக்கு இதைவிடப் பொருத்தமான முறை அன்று வேறில்லை. ஐ.நா.வின் மாதிரிக் கணக்கெடுப்புத் துணை ஆணையத்துக்கு மகலனோபிஸ் தலைமை தாங்கியதும் இந்த அனுபவத்தின் பலத்தில்தான். 1950இல் இதே நிறுவனத்தோடு இணைந்து சர்வதேசப் புள்ளியியல் கல்வி மையம் தொடங்கியது. புதிதாக விடுதலை பெற்ற நாடுகளிடம் ஐந்தாண்டுத் திட்டம் போடும் ஆசை இருந்தது, அதற்கு அடிப்படையான எண்களைச் சேகரிக்க ஆள் இல்லை. அந்த ஆட்களை உருவாக்கும் வேலையை இந்த மையம் எடுத்துக்கொண்டது. ஆசியாவிலிருந்தும் ஆப்பிரிக்காவிலிருந்தும் அரசு அலுவலர்கள் இன்றைக்கும் இங்கே மாதக்கணக்கில் தங்கிப் படிக்கிறார்கள்.

அப்படி வந்த ஒரு கிழக்கு ஆப்பிரிக்க இளைஞரோடு கேன்டீனில் பேச்சுக் கொடுத்தேன். வேளாண் புள்ளிவிவரத்தில் வேலை. பாடமெல்லாம் எப்படி என்று கேட்டதற்கு, “பாடம் நன்றாக இருக்கிறது. நான் ஊருக்குத் திரும்பும்போது என் நாற்காலி இருக்குமா என்பதுதான் கவலை” என்றார்.

எனக்கு அவர் கவலை நன்றாகவே புரிந்தது. பல வருடங்களுக்கு முன் மாதிரிக் கணக்கெடுப்பில் ஒரு நல்ல பயிற்சி முடித்துத் திரும்பிய சில மாதங்களிலேயே என்னை நிர்வாகப் பிரிவுக்கு மாற்றினார்கள். விடுப்பு விண்ணப்பங்களும் சம்பளப் பட்டியலும் பார்க்கும் மேசை. பயிற்சியில் எழுதிய குறிப்பேடுகள் பீரோவுக்குள் போயின. என்னைப் பயிற்றுவிக்க யாரோ செலவழித்த பணமும், எனக்காக நேரம் ஒதுக்கிய ஆசிரியர்களின் உழைப்பும் ஒரே ஒரு இடமாற்ற உத்தரவில் கரைந்தன. இது எனக்கு மட்டும் நடந்த கதை இல்லை. நாடுகளுக்கிடையிலான ஒத்துழைப்பு எங்கே அறுந்துபோகிறது என்று என்னைக் கேட்டால், முதலில் இந்த இடத்தைத்தான் காட்டுவேன்.

செவ்வாய், வானத்தில்

கொல்கத்தாவிலிருந்து பாங்காக் போவது டெல்லி போவதைப் போலத்தான், சுமார் இரண்டரை மணி நேரம். நேரத்தில் ஒன்றரை மணி முன்னால் போனேன். நாளைக்கான எக்செல் கோப்புகளைத் திறந்து பார்த்ததைத் தவிர வேறொன்றும் செய்யவில்லை.

புதன், பாங்காக்

ராஜதம்னோன் நோக் சாலையில் இருக்கிறது ஐ.நா. வளாகம். ஆசிய பசிபிக் பொருளாதார சமூக ஆணையம், சுருக்கமாக எஸ்காப், இங்கேதான் இயங்குகிறது. 1947இல் ஷாங்காயில் பிறந்து, 1949இல் பாங்காக்குக்கு வந்த அமைப்பு. இன்று 53 உறுப்பு நாடுகள், 9 இணை உறுப்பினர்கள். துருக்கியிலிருந்து கிரிபாட்டி வரை நீளும் இந்தப் பரப்பில் உலக மக்களில் ஏறத்தாழ 60 சதவீதம் பேர் வாழ்கிறார்கள். ஒரு பக்கம் நூறு கோடிக்கும் மேல் மக்களைக் கணக்கெடுக்கும் அலுவலகங்கள். இன்னொரு பக்கம் சுமார் 11 ஆயிரம் பேர் வாழும் துவாலு. இவர்கள் எல்லோருக்கும் ஒரே வரையறை, ஒரே வகைப்பாடு, ஒரே காலக்கெடு. எப்படிச் சாத்தியம் என்று ஒவ்வொரு முறையும் எனக்கு வியப்பாக இருக்கும்.

இன்றைய வேலை ஒரே ஒரு பயிற்சிதான், ஆனால் நாள் முழுவதும் அதுவே ஓடியது. அண்டை நாடுகளின் அலுவலர்களை மேசைக்கு இருவராக எதிரெதிரே உட்கார வைத்தார்கள். உங்கள் நாடு அவர்களுக்கு விற்றதாக எழுதியிருக்கும் தொகை, அவர்கள் உங்களிடம் வாங்கியதாக எழுதியிருக்கும் தொகை, இரண்டையும் அருகருகே வையுங்கள் என்றார்கள். ஒரே சரக்கு, ஒரே கப்பல். ஆனாலும் எண்கள் பொருந்துவது அபூர்வம்.

என் பக்கத்து மேசையில் இரண்டு பேர். எந்த நாடுகள் என்று சொல்ல வேண்டாம். ஆரம்பத்தில் முகத்தில் ஓர் இறுக்கம் இருந்தது. உங்கள் சுங்கத்துறை சரியாகப் பதிவதில்லை என்று ஒருவர் வாய்விட்டுச் சொல்லாமலே சொல்லிக்கொண்டிருந்தார். அப்புறம் வரி வரியாக இறங்கினார்கள். முதல் காரணம் எளிதாக அகப்பட்டது. ஏற்றுமதியை எஃப்.ஓ.பி. மதிப்பில், அதாவது கப்பலில் ஏற்றும் வரையான விலையில் எழுதுகிறோம். இறக்குமதியைப் பல நாடுகள் சி.ஐ.எஃப். மதிப்பில் எழுதுகின்றன, காப்பீடும் சரக்குக் கட்டணமும் அதில் சேர்ந்துவிடும். 100 என்று புறப்பட்டது 108 என்று போய்ச் சேர்ந்தாலும் யார் மீதும் தப்பில்லை. இரண்டாவது காரணம் காலம். டிசம்பர் கடைசி வாரம் கிளம்பிய சரக்கு ஜனவரியில் இறங்கினால், இரண்டு நாடுகளும் வெவ்வேறு ஆண்டில் எழுதும்.

இவ்வளவையும் கழித்த பிறகும் ஒரு பெரிய இடைவெளி மிச்சமிருந்தது. மதியத்துக்குப் பிறகுதான் பிடிபட்டது. சரக்கு நேராகப் போகவில்லை, மூன்றாவது நாட்டின் துறைமுகம் வழியாக மாறிப் போயிருக்கிறது. விற்ற நாடு தனக்குத் தெரிந்த அடுத்த துறைமுகத்தை எழுதிவிட்டது. வாங்கிய நாடு பொருள் உற்பத்தியான நாட்டை எழுதியிருக்கிறது. அதோடு ஒரு பொருளுக்கு இருவரும் வெவ்வேறு எண் கொடுத்திருந்தார்கள். சுங்க வகைப்பாட்டின் முதல் ஆறு இலக்கங்கள் உலகுக்கெல்லாம் பொது. ஆனால் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அது திருத்தப்படும். ஒருவர் 2022 பதிப்புக்கு மாறிவிட்டார், மற்றவர் இன்னும் மாறவில்லை.

சாயங்காலம் அந்த இருவரும் ஒருவர் கணினியில் மற்றவர் தட்டச்சு செய்துகொண்டிருந்தார்கள். வருடத்துக்கு ஒருமுறை இந்த ஒப்பீட்டை மின்னஞ்சலிலேயே செய்துகொள்ளலாம் என்று பேசிவைத்தார்கள். எத்தனை மணி நேரம் ஸ்லைடு காட்டி விளக்கியிருந்தாலும் இது கிடைத்திருக்காது. ஒருவர் எண் மற்றவருக்குத் தேவைப்பட வேண்டும். தேவை இருந்தால் தொடர்பு தானாகவே நிலைத்து நிற்கும்.

வியாழன், பாங்காக்

காலையில் விரிவுரை. ஐ.நா.வின் அரசுப் புள்ளியியல் அடிப்படைக் கொள்கைகள் பத்து. 1992இல் ஐரோப்பியப் புள்ளியியலாளர் மாநாடு இவற்றை ஏற்றது. சோவியத் ஒன்றியம் உடைந்து புதுப்புது நாடுகள் முளைத்த காலம் அது. ஆட்சியாளர்கள் விரும்பும் எண்ணைத் தராமல், உள்ள எண்ணைத் தரும் அலுவலகம் எப்படி இருக்க வேண்டும் என்று எழுதிவைக்கும் அவசியம் வந்தது. 1994இல் ஐ.நா. புள்ளியியல் ஆணையமும், 2014 ஜனவரி 29 அன்று பொதுச் சபையும் ஏற்றுக்கொண்டன. பத்தாவது கொள்கை நம் விஷயம்: நாடுகளுக்கிடையிலான புள்ளியியல் ஒத்துழைப்பு எல்லா நாடுகளின் புள்ளியியல் அமைப்புகளையும் மேம்படுத்துகிறது. பணக்கார நாடு ஏழை நாட்டுக்கு உதவுவது என்று அதில் இல்லை, ‘எல்லா நாடுகளின்’ என்றிருக்கிறது. அந்தச் சொல்லை நான் முக்கியமாக நினைக்கிறேன்.

மதியம் பேச்சு பணத்தின் பக்கம் போனது. வேறு எங்கே போகும்? 1984 முதல் அமெரிக்க நிதியில் நடந்துவந்த மக்கள்தொகை மற்றும் சுகாதாரக் கணக்கெடுப்புத் திட்டம் 2025 பிப்ரவரியில் நிறுத்தப்பட்டது. தொண்ணூறு நாடுகளுக்கு மேல், நானூறுக்கும் அதிகமான கணக்கெடுப்புகள் அதன் வழியாக நடந்திருக்கின்றன. குழந்தை இறப்பு, தடுப்பூசி, ஊட்டச்சத்து என்று பல நாடுகளிடம் இருந்த நம்பகமான எண்களே அவைதான். நிதி நின்றபோது சில நாடுகளில் கணக்கெடுப்பு நடுவழியில் இருந்தது. வினாப்பட்டியல் தயார், களப்பணியாளர் தயார், பணம் இல்லை.

ஒருவர் சொன்ன கருத்தோடு எனக்கு உடன்பாடு இல்லை. வெளிநாட்டுப் பணமே வேண்டாம், அவரவர் நாட்டு பட்ஜெட்டில் அவரவர் பார்த்துக்கொள்ளட்டும் என்றார். அலுவலகமே ஒரு சிலர்தான் என்றிருக்கும் தீவு நாடுகளிடம் போய் இதைச் சொல்ல முடியுமா? அங்கே விலை எடுப்பவரும் வணிகக் கணக்கு பார்ப்பவரும் மக்கள்தொகை அறிக்கை எழுதுபவரும் ஒரே ஆளாக இருக்கலாம். அவர் ஒரு மாதம் படிக்கப் போனால் அந்த மாதம் வேலை நிற்கும். அதனால்தான் நூமேயாவில் தலைமையகம் கொண்ட பசிபிக் சமூகம் என்ற அமைப்பு வினாப்பட்டியல் தயாரிப்பதிலிருந்து அட்டவணை போடுவது வரை பல தீவுகளுக்குச் சேர்ந்தே செய்துகொடுக்கிறது. எல்லா நாடும் எல்லாத் திறனையும் தனித்தனியாக வளர்த்துத்தான் ஆக வேண்டும் என்பதில்லை. சிலவற்றைப் பொதுவில் வைத்துக்கொள்வதும் திறன்தான். ஆனால் பொதுவில் வைத்ததற்கு ஒரே ஒரு நாட்டின் கஜானாவை மட்டும் நம்பியிருந்தால் என்ன ஆகும் என்பதை 2025 காட்டிவிட்டது. சின்னத் தொகையானாலும் பல பேர் போட வேண்டும், வருடா வருடம் போட வேண்டும்.

வெள்ளி

பகல் முழுக்கப் பயணம். நரிதாவில் இறங்கி, பேருந்தில் மகுஹாரி. தூக்கம்.

சனி, மகுஹாரி

தோக்கியோ விரிகுடாவில் கடலைத் தூர்த்து எழுப்பிய நகர்ப்பகுதி இது. நேர்கோட்டுச் சாலைகள், உயரமான கட்டடங்கள், நடப்பதற்கு நிறைய இடம். பயிற்சிக்கு வந்தவர்களில் சிலர் முன்கூட்டியே வந்திருந்தோம். விலைப் பிரிவுக்காரர்களை ஒன்றாக விட்டால் எங்கே போவார்கள்? சூப்பர் மார்க்கெட்டுக்குத்தான். பிஜியிலிருந்து வந்த அம்மா, கொழும்பிலிருந்து வந்த யாழ்ப்பாணத்துத் தம்பி, நான்.

பால் அலமாரியில் நின்றோம். பார்வைக்கு ஒரே அளவு அட்டைப்பெட்டிகள். கையில் எடுத்து எழுத்தைப் பார்த்தால் சிலவற்றில் 1000 மில்லிலிட்டர், சிலவற்றில் 900. விலைச்சீட்டை மட்டும் குறித்துக்கொண்டு போகும் களப்பணியாளருக்கு இரண்டும் ஒன்றுதான். அளவைக் குறைத்து விலையை அப்படியே விட்டால் அது விலையேற்றம். ஆனால் அளவைக் குறிக்காத கணக்கில் விலை மாறவே இல்லை என்று பதிவாகும். பிஜி அம்மா உடனே தன் ஊரில் பிஸ்கட் பாக்கெட்டில் இதே சங்கதி நடந்ததைச் சொன்னார்.

அரிசிப் பக்கம் போனோம். ஜப்பானில் 2025இல் அரிசி விலை முந்தைய ஆண்டைவிட ஏறக்குறைய இரண்டு மடங்காக ஏறி, அரசு தன் கையிருப்பைத் திறந்துவிட்டது. அதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது தம்பி 2022ஐ நினைவுபடுத்தினார். அந்த ஆண்டு செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைக் குறியீட்டெண்படி பணவீக்கம் 69.8 சதவீதம்.

“அப்ப நான் பால்மா விலை எடுக்கப் போவன் அக்கா. கடையில விலைப் பலகை இருக்கும், சாமான் இருக்காது. இல்லாத சாமானுக்கு என்ன விலையெண்டு எழுதுறது?”

இந்தக் கேள்வியைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது. கடையில் பொருள் இல்லாதபோது போன மாத விலையையே திரும்ப எழுதினால், விலை ஏறவில்லை என்று பொய் சொன்னதாகிவிடும். அந்த வரியை வெறுமனே விட்டால் குறியீட்டெண் ஓட்டையாகும். அதே வகையைச் சேர்ந்த, கிடைக்கிற பொருட்களின் விலை எவ்வளவு ஏறியதோ அதே விகிதத்தில் இதையும் ஏற்றிவைப்பது வழக்கமான முறை. பொருள் திரும்ப வந்ததும் உண்மை விலையோடு இணைத்துக்கொள்ளலாம். 2020 ஊரடங்கில் உலகம் முழுவதும் எல்லா அலுவலகங்களும் இதே சிக்கலில் மாட்டின. சர்வதேச அமைப்புகள் வழிகாட்டிக் குறிப்புகள் வெளியிட்டன, உதவியாக இருந்தது. ஆனாலும் அடுத்த நாட்டில் இதே வேலை பார்க்கும் ஒருவரின் தொலைபேசி எண் கையில் இருந்தவர்களுக்கு அன்று எவ்வளவு நிம்மதி என்பது அனுபவித்தவர்களுக்குத் தெரியும். “நீங்கள் என்ன செய்தீர்கள்?” என்று கேட்க ஒரு ஆள் வேண்டும்.

எனக்கு இந்தச் சூப்பர் மார்க்கெட் மாலை பெரிய வகுப்பாகவே பட்டது. கடைக்காரர்கள்தான் எங்களைக் கொஞ்சம் சந்தேகமாகப் பார்த்தார்கள்.

திங்கள், மகுஹாரி

ஆசிய பசிபிக் புள்ளியியல் பயிற்சி நிறுவனத்தை எல்லோரும் ‘சியாப்’ என்றே சொல்கிறோம். 1970இல் ஆசியப் புள்ளியியல் நிறுவனம் என்ற பெயரில் தோக்கியோவில் தொடங்கியது. 1999இல் சிபாவுக்கு இடம் மாறியது. இதை உருவாக்கியதில் இந்தியப் புள்ளியியலாளர் சி.ஆர். ராவுக்குப் பெரிய பங்கு உண்டு. பராநகரில் பல பதிற்றாண்டுகள் பணியாற்றி, 2023இல் 102 வயதில் மறைந்த அதே ராவ். கொல்கத்தாவில் ஒரு பகல் தங்கியது வீண்போகவில்லை என்று தோன்றியது.

ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு பயிற்சி நிறுவனம் எப்படித் தொடர்ந்து ஓடுகிறது? எனக்குத் தெரிந்த எத்தனையோ திட்டங்கள் மூன்று வருடத்தில் நிறைவு விழாக் கொண்டாடிவிட்டு, இணையதளத்தைக்கூடப் புதுப்பிக்க ஆளில்லாமல் போயிருக்கின்றன. இங்கே விஷயம் வேறு. இடமும் பெரும்பங்கு நிதியும் ஜப்பான் அரசு தருகிறது. மற்ற நாடுகளும் தங்களால் இயன்றதைத் தன்விருப்பமாகக் கொடுக்கின்றன. நிர்வாகக் குழுவில் ஜப்பானுக்கு ஓரிடம். மற்ற எட்டு இடங்களுக்கு ஐந்தாண்டுக்கு ஒருமுறை உறுப்பு நாடுகள் தேர்தல் நடத்துகின்றன. அந்தக் குழு ஆண்டுதோறும் கூடி என்ன கற்பிக்க வேண்டும் என்று பேசுகிறது. எதைக் கற்க வேண்டும் என்று கற்கிறவர்களே சொல்ல ஓர் இடம் இருக்கிறது. என் கணிப்பில் இந்த நிறுவனத்தின் ஆயுள் ரகசியம் அதில்தான் இருக்கிறது.

வகுப்பில் இன்று சர்வதேச ஒப்பீட்டுத் திட்டம். 1968இல் ஓர் ஆய்வு முயற்சியாகத் தொடங்கி, இன்று உலக வங்கி ஒருங்கிணைக்க, வட்டாரம் வட்டாரமாக நடக்கும் மாபெரும் விலைக் கணக்கெடுப்பு. 2021ஆம் ஆண்டுச் சுற்றில் 176 பொருளாதாரங்கள் பங்கேற்றன. முடிவுகள் 2024 மே மாதம் வந்தன. ஆசிய பசிபிக் வட்டாரத்தை ஆசிய வளர்ச்சி வங்கி பார்த்துக்கொள்கிறது. ஒரு நாட்டுப் பணத்துக்கு அந்த நாட்டில் உண்மையில் எவ்வளவு பொருள் கிடைக்கும் என்று தெரிந்துகொள்ள, எல்லா நாடுகளிலும் ஒரே பொருளின் விலையை எடுக்க வேண்டும். கேட்க எளிது. எது ‘ஒரே பொருள்’?

அரிசியையே எடுத்துக்கொள்ளுங்கள். அரிசி விலை என்று எழுதிவிட முடியாது. நீள அரிசியா, குட்டை அரிசியா, புழுங்கலா, பச்சையா, பாஸ்மதியா, மல்லிகை அரிசியா, நொய் எத்தனை சதவீதம், சிப்பமா, சில்லறையா, சிப்பம் என்றால் எத்தனை கிலோ. எல்லாவற்றையும் எழுதினால்தான் வரையறை முழுமையாகும். புழுங்கல் அரிசி என்றால் என்ன என்று மத்திய ஆசியாவிலிருந்து வந்த ஒருவருக்கு விளக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. நெல்லை ஊறவைத்து, ஆவியில் அவித்து, காயவைத்து, அப்புறம் அரைப்பது என்று சொன்னேன். தன் நாட்டில் அப்படியொன்று விற்பதில்லை, ஆகவே அந்த வரி காலியாகத்தான் இருக்கும் என்றார். சரி, அப்படியானால் இரண்டு நாடுகளையும் எந்த அரிசி வழியாக ஒப்பிடுவது? இரண்டிலும் விற்கும் வேறொரு ரகம் வழியாக. அதுவும் இல்லையென்றால் இரண்டு ரகமும் விற்கும் மூன்றாவது நாடு வழியாக. ஒரு நாடு ஏனோதானோ என்று விலை எடுத்தால் அந்தப் பிழை மற்ற நாடுகளின் எண்ணிலும் ஏறும். பக்கத்து நாட்டின் தரம் என் வேலைக்கு அவசியமாகிறது. இந்தத் திட்டத்தின் சுற்றுகளில் வேலை செய்தவர்கள் தம் நாட்டு நுகர்வோர் விலைக் கணக்கிலும் வரையறைகளைக் கறாராக எழுதத் தொடங்கினார்கள் என்று வகுப்பில் பல நாட்டவர்கள் சொன்னார்கள். நானும் அதை நேரில் பார்த்திருக்கிறேன்.

புதன்

இரண்டு நாளும் எடைகள் (குறியீட்டெண்ணில் ஒவ்வொரு பொருளுக்கும் உள்ள பங்கு), இணைப்பு முறை, கடைக் கல்லாவில் பதிவாகும் ஸ்கேனர் தரவு. எழுதினால் பாடப்புத்தகமாகிவிடும்.

பின்மாலையில் தம்பியிடம் அந்த ஆப்பிரிக்க இளைஞரின் நாற்காலிக் கவலையைச் சொன்னேன். “ஓம் அக்கா, எங்கட கந்தோரிலயும் இதே கதைதான்” என்றார். பிஜி அம்மாவின் அனுபவம் வேறு: அவருடைய ஊரில் இடமாற்றம் குறைவு, ஆனால் நன்கு கற்றவர்களை வங்கிகளும் சர்வதேச அமைப்புகளும் கூடுதல் சம்பளம் கொடுத்து எடுத்துக்கொள்கின்றன. போகிறவர்களைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. ஒருவருக்கு மட்டும் கற்றுக்கொடுத்து அனுப்பும் முறையை மாற்ற வேண்டும். ஒரே பிரிவிலிருந்து இருவரை, அடுத்தடுத்த ஆண்டுகளில் அனுப்பலாம். வந்தவர் முதல் மூன்று மாதத்துக்குள் அலுவலகத்தில் வகுப்பு எடுத்தே ஆக வேண்டும் என்று வைக்கலாம். பயிற்சி முடிந்தவரைக் குறைந்தது மூன்று வருடம் அதே பிரிவில் வைத்திருப்போம் என்று அனுப்பும் அலுவலகம் எழுத்தில் தர வேண்டும். தராத அலுவலகத்துக்கு அடுத்த முறை இடம் கிடைக்கக் கூடாது. இது கொஞ்சம் கடுமையாகத் தெரியலாம். எனக்கு நியாயமாகவே படுகிறது.

வியாழன், தோக்கியோ

ஷின்ஜுகு வட்டாரத்தின் வகமாட்சு-சோவில் ஜப்பான் புள்ளியியல் பணியகமும் அதன் அருங்காட்சியகமும் இருக்கின்றன. பணியகத்தில் அவர்கள் சொன்ன ஒரு விவரம் என்னைக் கவர்ந்தது. சில்லறை விலைக் கணக்கெடுப்பை மாதத்தின் 12ஆம் தேதி வரும் வாரத்தில் புதன், வியாழன், வெள்ளி ஆகிய மூன்றில் ஒருநாள் எடுக்கிறார்கள். விலை ஏறி இறங்கும் காய்கறி, மீன் போன்றவற்றுக்கு மாதத்தில் மூன்று முறை. நாட்டின் எல்லா மூலைகளிலும் இதே ஒழுங்கு.

அருங்காட்சியகத்தில் 1905இல் கவகுச்சி இச்சிதாரோ உருவாக்கிய, கணக்கெடுப்பு விவரங்களைத் தொகுக்கும் மின்சார இயந்திரம் இருக்கிறது. ஜப்பானின் முதல் முழுமையான மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்தது 1920 அக்டோபர் 1இல். அதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன், 1879இல், சுகி கோஜி என்பவர் இன்றைய யமனாஷி பகுதியான காய் மாகாணத்தில் மட்டும் சோதனையாக ஒரு கணக்கெடுப்பு நடத்தினார். நாடு முழுக்கச் செய்யும் கனவு அவருடையது. முதலில் ஒரு மாகாணத்தில் செய்துகாட்டினார்.

இவர்கள் யாரிடம் கற்றார்கள்? 1860களில் நிஷி அமானே, ட்சுதா மமிச்சி என்ற இரண்டு இளைஞர்கள் நெதர்லாந்தின் லைடனுக்குப் போய் சைமன் விசெரிங் என்ற பேராசிரியரிடம் பாடம் கேட்டார்கள். அவருடைய புள்ளியியல் விரிவுரைகளை ட்சுதா ஜப்பானிய மொழியில் கொண்டுவந்தார். 1874இல் அது நூலானது. இன்று ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகளுக்கு வகுப்பறை தரும் நாடு, இரண்டு பேரை வெளியூர் அனுப்பித்தான் இந்தத் தொழிலைத் தொடங்கியது. அந்த இருவரும் திரும்பி வந்து எழுதினார்கள், மொழிபெயர்த்தார்கள். கேட்டுப் படித்த அடுத்தவர் ஒரு மாகாணத்தில் கணக்கெடுத்தார். இடையில் யாராவது ஒருவர் குறிப்பேட்டைப் பீரோவில் வைத்துப் பூட்டியிருந்தால் கதை அங்கேயே நின்றிருக்கும்.

பிஜி அம்மா இயந்திரத்தின் முன் வெகுநேரம் நின்றார். தங்கள் ஊரில் டேப்லெட்டில் கணக்கெடுத்தபோது மின்சாரம் இல்லாத தீவுகளுக்கு சார்ஜ் ஏற்றப் படகில் போனதைச் சொல்லிக்கொண்டே இருந்தார்.

வெள்ளி, மகுஹாரி

சான்றிதழ், குழுப்படம், நன்றியுரை, எல்லாம் முறைப்படி நடந்தன. எனக்கு முக்கியமானது அதற்கு முந்தைய ஒரு மணி நேரம். மாதம் ஒருமுறை இணையவழியில் கூடுவது என்று முடிவுசெய்தோம். பயிற்சி முடிந்து எல்லோரும் வாட்ஸ்அப் குழு தொடங்குவது வழக்கம்தான். இரண்டு மாதத்தில் அதில் பண்டிகை வாழ்த்துகள் மட்டும் மிஞ்சும். அதனால் இந்த முறை ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரே ஒரு நடைமுறைச் சிக்கல், ஒரு நாடு பொறுப்பு, இரண்டு பக்கத்துக்கு மிகாத குறிப்பு முன்கூட்டியே வர வேண்டும் என்று வைத்திருக்கிறோம். ஒவ்வொருவருக்கும் அவரவர் அலுவலகத்தில் ஒரு மாற்று ஆள். நமக்கு இடமாற்றம் வந்தால் அவர் தொடர்வார்.

நேரம் குறிப்பதுதான் பெரும்பாடாகிவிட்டது. இந்தியாவில் காலை 10 மணி என்றால் உஸ்பெகிஸ்தானில் 9.30, பிஜியில் மாலை 4.30, சமோவாவில் 5.30. சமோவாக்காரர் எப்போதும் அலுவலகம் முடிந்துதான் சேர வேண்டும் என்பது நியாயமில்லை. ஒரு மாதம் அவர்களுக்கு வசதியாக, மறு மாதம் எங்களுக்கு வசதியாக மாற்றிக்கொள்ளலாம் என்று தம்பி சொன்னதை எல்லோரும் ஏற்றுக்கொண்டார்கள்.

முதல் தலைப்பு பருவகாலப் பொருட்கள். மாம்பழம் சந்தையில் இல்லாத மாதங்களில் அதன் எடையை என்ன செய்கிறோம் என்று நான் எழுத வேண்டும். இரண்டாவது மாதம் பிஜி, மீன் விலையோடு வருகிறது. எங்கள் அலுவலகத்துக்கு ஒரு கடிதமும் தயார் செய்துவிட்டேன். இந்த மாதாந்திர ஒரு மணி நேரத்தை அலுவலக வேலையாகக் கணக்கில் எடுக்க வேண்டும், என் பிரிவிலிருந்து மாற்று ஆளாக ஒருவரைப் பெயர் சொல்லி நியமிக்க வேண்டும், அவரை அடுத்த ஆண்டுப் பயிற்சிக்குப் பரிந்துரைக்க வேண்டும் என்று மூன்று கோரிக்கைகள். திங்கட்கிழமை காலை நேரில் கொடுக்கப்போகிறேன்.